கிழவரும் கீழ்க்கோடும்

சமையலுக்குக் கைராசி உண்டு, செடி வைக்க உண்டு, ஊசி போடும் நர்ஸுக்குக்கூட உண்டு என்று ஒப்புக்கொள்ளும் படித்த ஜனங்கள், ஆராய்ச்சிக்கு மட்டும் அதெல்லாம் கிடையாது என்பார்கள். என்பார்களே தவிர, தங்கள் சோதனை மறுபடி மறுபடி சொதப்பியதும் தட்டைத் தூக்கிக்கொண்டு நேரே மூன்றாவது மாடிக்குத்தான் ஓடிவருவார்கள். "நீ ஒரு தடவை போட்டுக் குடேன், உன் கையில வரும்" என்று கெஞ்சுவார்கள். மூன்றாவது மாடி ஆய்வுக்கூடத்தில் டாக்டர் பட்டத்துக்காக நான்கு வருடமாகக் குப்பை கொட்டிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணுக்குக் கைராசி என்ற பெயர் ஒட்டியது இப்படித்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் இருந்தது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

அன்று காலை கைராசியின் கால் தரையில் பாவவில்லை. ஆராய்ச்சிப் பத்திரிகையிலிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. அவள் கட்டுரையை ஏற்றுக்கொள்கிறார்களாம். கூடுதலாக ஒரே ஒரு படம் மட்டும் வேண்டுமாம். அதைப் படித்ததும் அவள் மைக்ரோஸ்கோப்பைக் கட்டிப்பிடித்தாள். சுழல் நாற்காலியில் உட்கார்ந்து காலால் உந்தி உந்திச் சுற்றினாள். தலை கிறுகிறுத்து நின்றதும், அந்தக் கிறுகிறுப்போடேயே அக்காவுக்குப் போன் போட்டாள்.

அக்கா பல் டாக்டர். யார் வாயிலோ கை வைத்திருந்தவள் உதவிக்கு நின்ற பெண்ணிடம் போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

"அக்கா, முடிஞ்சுதுக்கா. ஒரே ஒரு படம் போட்டுக் குடுத்தா பேப்பர் வந்துடும்."

"வந்துடுச்சா, வந்துடுமா? அதை முதல்ல தெளிவாச் சொல்லு."

"வந்த மாதிரிதான்."

"சரி, சாயந்திரம் கேக் வாங்கிட்டு வரேன். நீங்க வாயை மூடாதீங்க சார், நான் என் தங்கச்சிகிட்ட பேசறேன்."

கைராசி குடியிருந்தது அக்கா வீட்டு மாடி அறையில். அவள் அப்படி என்னதான் ஆராய்கிறாள் என்று அந்த வீட்டில் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் விசாரணை நடந்தது. விசாரித்தவர் அத்தான். அத்தானுக்கு ஏதோ ஒரு கம்பெனியில் வேலை. ஆனால் முழுநேர உத்தியோகம் போன் பேசுவதுதான். ஒருவருக்கு வாடகைக்கு வீடு வேண்டும், இன்னொருவருக்கு வீட்டுக்கு ஆள் வேண்டும் என்றால் நடுவில் அத்தான் இருப்பார்.

"செல்லுக்கு வெளியிலேர்ந்து ஒரு சேதி வருது அத்தான். அது உள்ள போய்ச் சேர்ந்தாத்தான் வேலை நடக்கும். நடுவுல ஒரு புரோட்டீன் நிக்கும். ஒரு கையால வெளியாளைப் பிடிச்சுக்கும், இன்னொரு கையால உள்ள இருக்கிற ஆளைப் பிடிச்சுக்கும். அதுக்குப் பேர் அடாப்டர்."

"சார்ஜர்ல இருக்குமே, அதுவா?"

"கிட்டத்தட்ட."

"சரி, சொந்தமா அது என்ன வேலை செய்யும்?"

"சொந்தமா ஒண்ணும் செய்யாது. ரெண்டு பேரைச் சேர்த்துவிடும், அவ்வளவுதான்."

"அட, நம்ம வீட்டு மனுஷர்," என்றாள் அக்கா, குழம்புக் கரண்டியை எடுக்காமலேயே. அத்தான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

அந்த அடாப்டரைக் கண்ணால் பார்க்க முடியாது. செல்லை அரைத்து, அதன் சாற்றை ஜெல் என்ற வழவழப்புத் தகட்டின் தலைமாட்டில், ஒரு வகைச் செல்லுக்கு ஒரு கட்டமாக, விட்டு மின்சாரம் பாய்ச்சினால், பெரிய புரோட்டீன்கள் நகரமாட்டாமல் மேலேயே நிற்கும், சின்னதுகள் கீழே ஓடிவிடும். நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் காகிதம் போன்ற ஒரு வெள்ளைச் சவ்வில் ஒற்றியெடுத்து, ஆன்டிபாடி கரைசலில் ஊறவைப்பார்கள். ஆன்டிபாடி ஒரு முயலின் ரத்தத்திலிருந்து எடுத்தது. ஆயிரம் புரோட்டீன் நடுவே அடாப்டரை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பது அதற்கு இட்ட வேலை. ஒட்டிய இடம் படத்தில் கறுப்புக் கோடாக விழும். நல்ல செல்லில் கோடு மேலே விழுந்தது. ஒரு வகை ரத்தப் புற்றுநோய் செல்லில் அது கீழே விழுந்தது. அதாவது நோயுற்ற செல்லில் அடாப்டர் குட்டையாக, ஒரு கை வெட்டுப்பட்டு நிற்கிறது. அந்தக் கீழ்க்கோடுதான் கைராசியின் நான்கு வருடம், பட்டம், கட்டுரை எல்லாம்.

பத்திரிகைக்காரர்கள் கேட்ட படம் இதுதான். வேறொரு ஆய்வுக்கூடத்தில் இதே ஆன்டிபாடியை வாங்கிப் போட்டுப் பார்த்தார்களாம். ஒரு கோடு விழவேண்டிய இடத்தில் ஏணி மாதிரி மேலிருந்து கீழ்வரை கோடாக விழுந்ததாம். ஆகவே, அடாப்டரே இல்லாத செல்லையும் பக்கத்தில் வைத்து ஓட்டிக் காட்டுங்கள்; அதில் உங்கள் கீழ்க்கோடு விழாமலிருந்தால் நம்புகிறோம். விழுந்துவிட்டால் நீங்கள் இத்தனை நாள் பார்த்தது அடாப்டரே இல்லை, ஆன்டிபாடி வழிதவறி வேறு எதிலோ போய் ஒட்டியிருக்கிறது. நியாயமான கேள்விதான். கட்டுரை பிழைப்பதும் சாவதும் அந்த ஒரு கட்டத்தில் கோடு இருக்கிறதா இல்லையா என்பதில் இருந்தது.

"அவங்களுக்குக் கை சரியில்ல," என்று கைராசி சிரித்துக்கொண்டே சொன்னாள். இப்படித்தான் மனுஷர்களுக்கு வாய்க்கொழுப்பு வருவது.

அடாப்டர் இல்லாத செல்கள் பக்கத்து மேசை பினாயிலிடம் இருந்தன. கதவுக் கைப்பிடியைத் துடைத்துவிட்டுத் திறப்பவன், திறந்தபின் இன்னொரு முறை துடைப்பவன் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். அவன் கை பட்டால் ஜெல் கிழியும், சவ்வு மடங்கும், படம் மேகமூட்டமாக வரும். கூடத்திலேயே ராசியில்லாத கை என்று முத்திரை குத்தியிருந்தார்கள். ஆனால் செல் வளர்ப்பதில் சூரன். அடாப்டருக்கான மரபணுவை வெட்டியெடுத்த செல்களை வருடக்கணக்கில் பாடுபட்டு உண்டாக்கி, பச்சைப் பிள்ளையைப் போல வேளாவேளைக்குத் தீனி கொடுத்து வளர்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கென்று ஒரு சொட்டுச் சாறு கொடுத்தான், மனசில்லாமல்தான்.

செல் சாறு கிடைத்தது, ஜெல் தயார். கைராசி பாடிக்கொண்டே ஃப்ரீசரைத் திறந்தாள். பாட்டு பாதியில் நின்றது.

"கிழவரைக் காணோம்," என்றாள்.

பினாயில் திரும்பினான். "எந்தக் கிழவர்?"

"தாடி வெச்சிருப்பார். கண்ணாடி போட்டிருப்பார். இங்கதான் படுத்திருந்தார்."

அவன் ஃப்ரீசரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "காலையில நாற்காலியில ரொம்பச் சுத்தினியே, இன்னும் தலை நிக்கலையா?"

"டியூப்டா. தாடி வரைஞ்ச டியூப்."

விஷயம் இதுதான். ஆன்டிபாடி யானை விலை குதிரை விலை. அதனால் ஒரு முறை கரைத்த கரைசலைக் கொட்டாமல், உறையவைத்து, மறுபடி உருக்கிப் பயன்படுத்துவது அந்தத் தொழிலில் எல்லோரும் செய்வது. நாலைந்து தடவைக்குப் பிறகு மனசாட்சி உறுத்திக் கொட்டிவிடுவார்கள். கைராசி கொட்டவேயில்லை. முதல் வருடம் பால் பவுடர் தண்ணீரில் கரைத்த அதே ஆன்டிபாடியைத்தான் நான்கு வருடமாக எடுத்து எடுத்து ஊறவைத்துக்கொண்டிருந்தாள். அது பழுப்பேறி, பார்க்கவே சகிக்காமல் இருந்தது. டியூபின் மேல் பேரும் தேதியும் எழுதியிருக்க வேண்டும். அவள் மார்க்கர் பேனாவால் ஒரு தாடியும் மூக்குக்கண்ணாடியும் வரைந்து, ஐஸ் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். எடுக்கும்போதெல்லாம் "எழுந்திருங்க கிழவரே, ஜோலி வந்திருக்கு" என்பாள். அடாப்டரைத் தேடி மற்ற மாடிக்காரர்கள் கொண்டுவரும் சவ்வையும் ஆள் போனபின் கிழவரில்தான் ஊறவைப்பாள், ஆனால் வேறு ஒருவருக்கும் அவரைக் கடன் கொடுத்ததில்லை. கூடத்தின் தலைவியான மேடத்துக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார் என்பதால் வெளியில் மூச்சுவிட்டதும் இல்லை.

பினாயிலின் முகம் மெல்ல மெல்ல வெளுத்தது. "பாதுகாப்பு அதிகாரிங்க வராங்கன்னு மேடம் போன வாரம் ஃப்ரீசரைச் சுத்தம் பண்ணச் சொன்னாங்க. பேர் எழுதாதது எது இருந்தாலும் எடுத்துடுன்னாங்க."

"குப்பையில போட்டியா?"

"அப்படியெல்லாம் போடுவேனா? உருக வெச்சு, கொட்டவேண்டிய இடத்துல கொட்டி, டியூபை சோப்பு போட்டுக் கழுவி வெச்சிருக்கேன்."

போய் எடுத்துவந்து காட்டவும் செய்தான். டியூப் பளபளவென்று இருந்தது. தாடியின் சுவடுகூட இல்லை.

"பாவி. படுபாவி. நாலு வருஷம்டா."

"நாலு வருஷமா? அதுல என்னவெல்லாம் முளைச்சிருக்கும்," என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்து அவன் ரெண்டடி பின்னால் போனான்.

ஆனால் அன்றைக்கு அவள் இருந்த மிதப்பில் எதுவும் நெடுநேரம் உறைக்கவில்லை. கிழவர் போனால் போகட்டும், கை இங்கேதானே இருக்கிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, ஆன்டிபாடியின் புதுக் குப்பியைத் திறந்து புதிதாகக் கரைத்தாள். சவ்வை ஊறவைத்தாள். அது ஆடும் மேடையில் ஆடிக்கொண்டிருந்தபோது அவளும் பக்கத்தில் நின்று கொஞ்சம் ஆடினாள்.

மறுநாள் படமெடுக்கும் பெட்டியின் திரையில் ஏணி விழுந்தது. மேலிருந்து கீழ்வரை கோடு கோடாக, எண்ணக்கூட மனம் வரவில்லை. அதைவிடக் கொடுமை, அடாப்டரே இல்லாத பினாயிலின் செல்லிலும், சரியாக அந்தக் கீழ்க்கோட்டின் இடத்தில், ஒரு கோடு உட்கார்ந்திருந்தது.

மேடம் வந்து எட்டிப்பார்த்தார். குள்ளமான மனுஷி, கோபம் வந்தால் கத்தமாட்டார், பேனா மூடியைக் கடிப்பார். அன்று ரொம்ப நேரம் கடித்தார்.

"இது யார் போட்டது?"

"நான்தான் மேடம்."

"உன் கையா இது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இரண்டாம் முறை போட்டாள், ஏணி. புதுக் கையுறை, புதுத் தட்டு, வலது காலை முன்வைத்து உள்ளே வந்து போட்டாள், அப்போதும் ஏணி. வீட்டில் கேக் பெட்டி பிரிக்கப்படாமல் ஃப்ரிட்ஜில் இருந்தது. அக்கா அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தங்கையின் முகத்தைப் பார்த்து ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்திவிட்டாள். கைராசிக்குள் ஒரு கேள்வி கிளம்பியது. நாலு வருஷமாக நான் பார்த்தது அடாப்டரையா, இல்லை என் ஆசையையா? அந்தக் கேள்வியை அவள் யாரிடமும் கேட்கவில்லை, பல் தேய்க்கும்போதுகூட அது மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

பினாயில் குற்ற உணர்ச்சியில் அவள் மேசையைத் துடைத்துத் துடைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஒரு மத்தியானம் துணியும் கையுமாக நின்று கேட்டான்.

"ஒண்ணு கேக்கறேன், அடிக்காத. முதல் வருஷம் நீ போட்ட படமெல்லாம் எப்படி வந்துது?"

"கேவலமா வந்துது. இதே ஏணிதான். அப்புறம் கை பழகிடுச்சு."

"ஒரே நாள்லயா?"

"ஒரே நாள்ல எப்படிடா பழகும்? போகப் போகத்தான். ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு மங்கும், ரெண்டு கோடு மறையும், கடைசியில ஒண்ணே ஒண்ணு..."

அவள் நிறுத்தினாள். வாய் திறந்தபடியே இருந்தது.

"என்ன?" என்றான் பினாயில்.

"மறைஞ்ச கோடெல்லாம் எங்கடா போச்சு?"

"எங்க போச்சு?"

"சவ்வோட குப்பைக்குப் போச்சு." அவள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "முயல் ரத்தம்டா அது. அதுல அடாப்டரைத் தேடற ஆன்டிபாடியும் இருக்கும், வழிதவறிக் கண்டதுல ஒட்டற ஆன்டிபாடியும் இருக்கும். செல்லுல கண்டது நிறைய, அடாப்டர் கொஞ்சம். ஒவ்வொரு தடவை ஊற வெக்கும்போதும் வழிதவறினதெல்லாம் சவ்வுல ஒட்டிக்கிச்சு. அந்தச் சவ்வை நான் தூக்கிப் போட்டேன். நல்லது பெரும்பாலும் டியூபுக்கே திரும்பி வந்துடுச்சு. நாலு வருஷமா கிழவர் கொஞ்சம் கொஞ்சமா சுத்தமாயிட்டே வந்திருக்கார்."

"அப்ப உன் கைராசி?"

"கைராசியாவது மண்ணாங்கட்டியாவது. தண்ணிராசிடா."

சொல்லிவிட்டு அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கமாட்டாத சிரிப்பு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேசையில் கவிழ்ந்து சிரித்தாள். இரண்டாம் மாடியும் நான்காம் மாடியும் நான்கு வருடமாகத் தட்டைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வந்தது, அவள் கர்வத்தோடு கையுறை மாட்டியது, எல்லாம் நினைக்க நினைக்கச் சிரிப்பு. பினாயிலும் சிரித்தான். பிறகு அவன்தான் முதலில் நிறுத்தினான்.

"ஆனா அந்தக் கீழ்க்கோடு? அதுவும் வழிதவறினதுல ஒண்ணா இருந்தா? கடைசி வரைக்கும் ஒட்டிக்காம தங்கின குப்பையா இருந்தா?"

அதுதான் கேள்வி. கிழவர் இருந்திருந்தாலும் அந்தக் கேள்வி இருந்திருக்கும். கைராசி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்தாள். நடந்தவள் செல் வளர்க்கும் பெட்டியின் முன்னால் போய் நின்றாள். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே பினாயிலின் செல்கள் இளஞ்சிவப்புத் தீனியில் சுகமாகப் படுத்திருந்தன.

"உன் செல்லுல அடாப்டரே கிடையாது," என்றாள் மெதுவாக.

"கிடையாது."

"அப்ப உன் செல்லை அரைச்சுச் சவ்வுல ஏத்தி, புது ஆன்டிபாடியை அதுல ஊற வெச்சா, வழிதவறினது அத்தனையும் ஒட்டிக்கும். அடாப்டரைத் தேடறதுக்கு ஒட்ட இடமே இருக்காது. அது மட்டும் அப்படியே திரும்பி வந்துடும். நாலு வருஷ வேலையை ஒரு வாரத்துல முடிச்சுடலாம். அதுக்கப்புறமும் கீழ்க்கோடு வந்துதுன்னா, அது உண்மை. வரலைன்னா..."

வரவில்லை என்றால் என்ன என்பதை அவள் சொல்லவில்லை. பினாயில் பெட்டிக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டான்.

"என் பிள்ளைங்களை அரைக்கச் சொல்றியா?"

"கிழவரைக் கொட்டினவன் நீ."

அவன் திரும்பிப் பெட்டிக்குள் பார்த்தான். "எத்தனை வேணும்?"

"எல்லாம்."

"அம்மா தாயே, விதைக்குக் கொஞ்சமாவது விட்டு வை," என்று கும்பிட்டுவிட்டு, அவனே கதவைத் துடைத்துத் திறந்தான்.

மேடத்திடம் சொல்லாமல் இதைச் செய்ய முடியாது. கைராசி போய் நின்று முழுக்கதையையும் சொன்னாள். மேடம் பேனா மூடியை வாயில் வைத்தபடி கேட்டார்.

"பேர் எழுதாம டியூப் வெச்சிருந்தே."

"ஆமா மேடம்."

"தாடி வரைஞ்சு."

"கண்ணாடியும் மேடம்."

மேடத்தின் வாயோரம் என்னவோ துடித்தது. அவர் அதை அடக்கிக்கொண்டார். "செய்ங்க. ஆனா கடைசிப் படத்தை நீ போடக் கூடாது."

"ஏன் மேடம்?"

"உன் கையில வந்தா உன் கைக்காக வந்துதும்பாங்க. நானே இத்தனை வருஷமா அப்படித்தானே சொல்லிட்டிருந்தேன். கேக்கறவங்களுக்கெல்லாம் உன் கையை வெட்டியா அனுப்ப முடியும்?"

"வேற யார் போடறது?"

மேடம் பேனாவால் பினாயிலைக் காட்டினார். அவன் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான்.

"மேடம், என் கையில ஜெல்லே நிக்காது."

"அதுக்குத்தான்," என்றார் மேடம்.

அதன்பிறகு மூன்றாவது மாடி கல்யாண வீடாயிற்று. செல்களை வழித்தார்கள், அரைத்தார்கள், ஜெல் ஜெல்லாக ஓட்டினார்கள். பாதியில் சவ்வு தீர்ந்துபோயிற்று; கடைக்காரர் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று கையை விரித்துவிட்டார். வீட்டில் புலம்பியதை அத்தான் காதில் வாங்கிக்கொண்டு போனை எடுத்தார். அவருடைய சிநேகிதரின் தம்பி மனைவி வேலை பார்க்கும் இன்னொரு ஆய்வுக்கூடத்திலிருந்து, சுற்றிவைத்த பாய் மாதிரி ஒரு சவ்வு உருளை மறுநாள் மத்தியானமே வந்து இறங்கியது. "நடுவுல ஆள் வேணும்னு இதுக்குத்தான் சொல்றது," என்று அத்தான் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். அக்கா மறுத்துப் பேசாத அபூர்வமான நாள் அது.

புது ஆன்டிபாடியை முதல் சவ்வில் ஊறவைத்து, எடுத்து இரண்டாவதில் ஊறவைத்து, மூன்றாவதுக்கு மாற்றி, இப்படியே தட்டுக்குத் தட்டு நடத்திக் கூட்டிப் போனார்கள். குப்பையைச் சுமந்த சவ்வுகளைக் கிளிப் மாட்டிக் கயிற்றில் தொங்கவிட்டான் பினாயில். குப்பைத்தொட்டிக்குப் போகப்போவதை ஏனடா காயவைக்கிறாய் என்று கேட்டதற்கு, ஈரத்தோடு போட்டால் தொட்டி நாறும் என்றான். வாரக் கடைசியில் கரைசல் கலங்கலாக, சுமாராக, பார்ப்பதற்கு ஒன்றும் விசேஷமில்லாமல் ஒரு டியூபில் வந்து நின்றது. அதன்மேல் பேர், தேதி, எத்தனை சவ்வு, யார் செய்தது என்று பினாயில் முத்து முத்தான எழுத்தில் எழுதி ஒட்டினான். எழுத இடமில்லாததால் டியூபைச் சுற்றி எழுதினான்.

கடைசிப் படம் போடும் நாளன்று கைராசியை எதையும் தொடக் கூடாது என்று மேடம் உட்காரவைத்துவிட்டார். அவள் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தாள். பினாயில் ஜெல்லைக் கண்ணாடியிலிருந்து எடுக்கும்போது ஓரம் பிய்ந்தது.

"ஐயோ, மெதுவாடா."

"பேசாம இரு."

சவ்வை ஒற்றும்போது ஒரு காற்றுக்குமிழி சிக்கிக்கொண்டது. கைராசி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். "உருட்டு, அதை உருட்டித் தள்ளு, இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா இல்ல."

"நீ வெளிய போ," என்றார் மேடம்.

வெளியே தாழ்வாரத்தில் அவள் நடந்தாள். கதவிலிருந்த சின்னக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தாள். உள்ளே மேடம் திரையை இழுத்துவிட்டார். நடக்கும்போது அவள் மனதில் ஒன்று தெளிவாயிற்று. இத்தனை நாளும் அந்தக் கோடு தன்னால்தான் வருகிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாளே, அதன் அடியில் பயம்தான் இருந்திருக்கிறது. தான் ஒருத்தி காய்ச்சலில் படுத்தால், ஊர் மாறிப் போனால், அந்தக் கோடும் கூடவே போய்விடும் என்ற பயம். ஒருத்தி கையில் மட்டும் வருவது என்ன கண்டுபிடிப்பு? கடவுளே, இந்த ராசியில்லாதவன் கையில் வரட்டும், என் கையில் இனிமேல் எதுவுமே வராவிட்டாலும் பரவாயில்லை என்று அவள் மனசார வேண்டிக்கொண்டாள்.

மறுநாள் படமெடுக்கும்போது மட்டும் அவளை உள்ளே விட்டார்கள். பெட்டியை மூடினார்கள். மூவரும் திரை முன்னால் தலையோடு தலை முட்டி நின்றார்கள்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஓரத்தில் பினாயிலின் கட்டைவிரல் ரேகை வந்தது. பிறகு, நல்ல செல்லின் கட்டத்தில், மேலே ஒரு கோடு. சாய்வாக, ஒரு முனை தடித்து, பார்க்கக் கண்ணறாவியாக. ஆனால் ஒரே ஒரு கோடு.

"அடுத்தது," என்றாள் கைராசி.

அடுத்தது நோயுற்ற செல். அந்தக் கட்டம் வெறுமையாகவே இருந்தது. வெறுமையாகவே இருந்தது. பினாயில் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். அப்புறம் கீழே, சாம்பலாக ஒரு நிழல் தட்டியது. நிழல் கறுத்தது. கறுத்துக் கோடாயிற்று. அவளுடைய கீழ்க்கோடு.

மூன்றாவது கட்டம், அடாப்டரே இல்லாத செல். அவர்கள் காத்திருந்தார்கள். பெட்டி தன் நேரத்தை முழுக்க எடுத்துக்கொண்டு, முடிந்துவிட்டது என்று ஒரு ஓசை கொடுத்தது. மூன்றாவது கட்டத்தில் துளிக் கறுப்பும் இல்லை.

"என் கையில வந்துடுச்சு," என்றான் பினாயில், தன் கையையே வெறித்துப் பார்த்தபடி. "என் கையில ஒண்ணுமே வராது. என் கையில போய் வந்துடுச்சு."

கைராசி அவனைத் தோளைப் பிடித்துக் குலுக்கினாள், சவ்வு உருளையைத் தூக்கிக்கொண்டு கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி ஓடினாள், கயிற்றில் காய்ந்த சவ்வெல்லாம் அவள் தலையில் இடிபட்டு ஆடின. மேடம் திரையை விட்டு நகரவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், சின்னதாக்கிப் பார்த்தார். அப்புறம் கை மோதிரத்தைக் கழற்றிப் பேனா பக்கத்தில் வைத்துவிட்டு, கையுறைப் பெட்டியை இழுத்தார்.

"நகருங்க ரெண்டு பேரும்."

மேடம் சொட்டு விடும் பிப்பெட்டைத் தொட்டே பல வருடம் ஆகியிருந்தது. கையுறையை ஒரு விரலில் இரண்டு விரல் நுழையும்படி மாட்டிக்கொண்டார். சாற்றைப் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் விட்டார். மின்சாரத்தைப் போட மறந்துவிட்டு ஜெல் ஏன் ஓடவில்லை என்று மிஷினைத் திட்டினார். இருவரும் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

அடுத்த நாள் மேடம் போட்ட படம் வந்தது. அதை எந்தப் பத்திரிகையும் கையால் தொடாது. குமிழியும் கறையும் கோணலுமாக, சவ்வின் ஒரு மூலையே இல்லை. மேலே ஒரு கோடு. கீழே ஒரு கோடு. மூன்றாவது கட்டம் காலி.

"என் கையிலயும் வருதே," என்றார் மேடம். முகமெல்லாம் சின்னப் பிள்ளைக்களை. திரும்பிப் பார்த்தால் கைராசி அழுதுகொண்டிருந்தாள். கன்னம் நனைய அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள்.

"எதுக்கும்மா அழறே? வந்துடுச்சே."

"வந்துடுச்சு மேடம். இனிமே அதுக்கு நான் வேண்டாம்," என்றாள் அவள், புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "யார் போட்டாலும் வரும். நான் இல்லாத ஊர்லயும் வரும்."

மேடம் கையுறையோடேயே அவள் தலையில் கை வைத்தார். பினாயில் வழக்கமாக இதற்கெல்லாம் பதறுபவன். அன்று அதைக் கண்டுகொள்ளாமல், புதுத் தட்டு ஒன்றை எடுத்து, இன்னொரு முறை தான் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டான்.